மகனுக்குத்தான் லேசர், மகளுக்கு இல்லை

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். கணவர் தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதுகிறார். மகளுக்கு 26 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு 21 வயது. பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் துணை ராணுவத்தில் கான்ஸ்டபிள் வேலைக்காகப் படித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கிறான்.

போன வருடம் மகள் காதுக்குப் பின்னால், கழுத்தில் மூன்று சின்னப் பறவைகளைப் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றாள். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை. நல்ல இடம் ஒன்று கூடிவந்தது. அவள் கொண்டை போட்டிருந்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, 'பெண் கொஞ்சம் மாடர்ன் போலத் தெரிகிறதே' என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். என் மாமியார் காலையில் எழுந்ததும் இதைச் சொல்லித்தான் என்னைத் திட்டத் தொடங்குகிறார். அவருக்கே இரண்டு முன்கையிலும் மோவாயிலும் பச்சை இருக்கிறது. கேட்டால் 'அது வேறு' என்கிறார். மகனும் வலது முன்கையின் உட்புறத்தில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, வேலும் மயில்தோகையும் நடுவில் 'அம்மா' என்ற எழுத்துமாகக் குத்தியிருக்கிறான். கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மூன்று நிறம். ஆண் பிள்ளைதானே என்று அதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த வரன் வருவதற்குள் மகளுடையதை லேசரில் எடுத்துவிட முடியுமா? தழும்பு விழுமா? பச்சை குத்தியவர்களுக்குப் பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட மாட்டார்கள், ஸ்கேன் எடுக்க முடியாது என்றெல்லாம் சொல்கிறார்களே, உண்மையா?

– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, மகனைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் மகனிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அவருக்குத்தான்.

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, மத்திய தொழிற்பாதுகாப்புப் படை போன்றவற்றுக்குக் கான்ஸ்டபிள்களை எடுக்கும் தேர்வை நடத்துவது மத்தியப் பணியாளர் தேர்வாணையம். எஸ்.எஸ்.சி. என்று உங்கள் மகன் சொல்வது அதைத்தான். அந்த அறிவிக்கையில் மருத்துவத் தகுதியைப் பற்றிய பகுதியில் பச்சை குத்துவதற்கென்றே விதி இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாடத்திட்டத்தைக் கரைத்துக் குடிக்கிறார்கள். இந்தப் பகுதியைப் புரட்டுவதே இல்லை.

விதி இதுதான். மதச் சின்னமோ உருவமோ பெயரோ குத்தியிருந்தால் குற்றமில்லை. ஆகவே வேலுக்கும் 'அம்மா'வுக்கும் தடை கிடையாது. இடம்தான் சிக்கல். முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம், ஆனால் இடது முன்கையில் மட்டும். வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பது காரணம். புறங்கையில் இருக்கலாம். அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மகனுடையது வலது கை, அதிலும் முழங்கை முதல் மணிக்கட்டு வரை. இடம், அளவு இரண்டிலும் அடிபடுகிறது. எழுத்துத் தேர்வில் தேறி, 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓடி முடித்து, மார்பளவும் சரியாக இருந்து, கடைசியில் மருத்துவர் முன்னால் சட்டையைக் கழற்றி நிற்கும்போது 'தகுதியில்லை' என்று எழுதி அனுப்பப்பட்ட பிள்ளைகள் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தந்தையோடுதான் வருவார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ராணுவத்தின் விதி கொஞ்சம் வேறு. அங்கே முன்கையின் உட்புறம், புறங்கை ஆகிய இடங்களில் அனுமதி உண்டு, இடது வலது பேதம் சொல்லப்படவில்லை. பழங்குடியினர் தங்கள் வழக்கப்படி குத்தியிருந்தால் இன்னும் தாராளம். அதாவது அதே கை ராணுவத்தில் தேறலாம், துணை ராணுவத்தில் தேறாது. 'என் நண்பனுக்கும் கையில் இருந்தது, அவனை எடுத்துக்கொண்டார்களே' என்று மகன் வாதாடினால், நண்பன் எந்தப் படைக்குப் போனான், எந்தக் கையில் குத்தியிருந்தான் என்று கேளுங்கள். விதிகள் திருத்தப்படுவதும் உண்டு. எனவே அவர் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நீதிமன்றம் கைகொடுக்காதா என்றால், சில நேரம் கொடுத்திருக்கிறது. டெல்லி போலீஸ் காவலர் பணிக்கு வலது முன்கையில் இருந்த பச்சையைக் காரணம் காட்டி நிராகரிக்கப்பட்ட ஒருவருக்குச் சாதகமாக 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே சிகிச்சை செய்து அதை நீக்கியிருந்தார். மங்கலான வடு மட்டுமே மிச்சமிருந்தது. கையில் முழு மயில்தோகையோடு போய் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை.

இனி லேசர். பச்சை குத்தும் ஊசி, தோலின் மேலடுக்கைத் தாண்டி அடியிலுள்ள அடுக்கில் மையை இறக்குகிறது. மேலடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும், அடியடுக்கு அப்படி உதிராது. அங்கே காவலுக்கு இருக்கும் ஒருவகை உயிரணுக்கள் மைத்துகளை அந்நியப் பொருள் என்று விழுங்கிவிடுகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கின்றன. அந்த அணு இறந்தால் சிந்தும் மையைப் பக்கத்தில் வரும் புதிய அணு விழுங்கிக்கொள்ளும் என்பதைப் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் காட்டினார்கள். பாட்டியின் கைப்பச்சை அறுபது வருடம் கழித்தும் அங்கேயே இருப்பதன் சூட்சுமம் இதுதான்.

லேசர் அந்தத் துகள்களை நொறுக்குகிறது. நொறுங்கியதை நிணநீர் வழியே அப்புறப்படுத்துவது உடம்பின் வேலை. அதற்கு அவகாசம் தேவை என்பதால்தான் இரண்டு அமர்வுகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறோம். பணம் கூடக் கொடுத்தாலும் இந்த இடைவெளியைக் குறைக்க முடியாது. தொழில்முறைக் கலைஞர் அடர்த்தியாகக் குத்திய பெரிய பச்சைக்கு எட்டு, பத்து அமர்வுகூட ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வருடத்துக்கு மேல். முன்கையும் மணிக்கட்டும் இதயத்திலிருந்து தள்ளி இருப்பதால் கழுத்தைவிட மெதுவாகத்தான் மங்கும்.

நிறம் அடுத்த தலைவலி. கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர் நன்றாக வேலை செய்கிறது. நம்முடைய மாநிறத் தோலுக்கும் அதுவே பாதுகாப்பு, தோலின் சொந்த நிறமியை அது அதிகம் தொடுவதில்லை. சிவப்புக்கு 532 தேவை. அதைத் தோலின் நிறமியும் உறிஞ்சிக்கொள்ளும், கவனம் தப்பினால் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகும். பச்சை நிறம் எல்லாவற்றிலும் பிடிவாதம். அதற்கு வேறு வகை லேசர் வேண்டும், எல்லா ஊரிலும் அது இருக்காது. ஆக, உங்கள் மகன் கையில் 'அம்மா' முதலில் போய்விடும், மயில்தோகை கடைசிவரை நின்று வேடிக்கை பார்க்கும்.

அமர்வு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பையன் மனதைத் தயார் செய்துகொள்ளட்டும். மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி முக்கால் மணி நேரம் உட்கார வைப்போம். பிறகு கண்ணுக்குக் கறுப்புக் கவசம். லேசர் படும்போது வாணலியில் கடுகு வெடிப்பதுபோலச் சட்சட்டென்று கேட்கும். பட்ட இடம் உடனே சுண்ணாம்பு தடவியதுபோல வெளுக்கும். அது கால் மணி நேரத்தில் அடங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. அன்று மாலை கை வீங்கும், மறுநாள் கொப்புளம் வரலாம். கொப்புளத்தை ஊசியால் குத்திப் பார்க்கக் கூடாது, உரிக்கக் கூடாது, களிம்பு போட்டு மூடி வைக்க வேண்டும். வெயில் படவே கூடாது. கோவில்பட்டி வெயிலில் காலையும் மாலையும் மைதானத்தில் ஓடுகிற பையனுக்கு இது கஷ்டம்தான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பொழுது புலர்வதற்குள் ஓடி முடிக்கட்டும்.

மருத்துவப் பரிசோதனை மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றால் அதற்குள் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால், அவரிடம் இருப்பது லேசர் இல்லை, அமிலம். இணையத்தில் விற்கும் 'பச்சை நீக்கும் திரவம்' பலவற்றின் சங்கதியும் அதுதான். மையோடு சேர்த்துத் தோலையும் எரித்துவிடும். பிறகு வருவது அகலமான, தடித்த தழும்பு. பச்சைக்குப் பதிலாகத் தழும்போடு போய் நிற்கவா? இன்னொரு யோசனையையும் பையன்கள் கேட்கிறார்கள்: தோல் நிற மையை மேலே குத்தி மறைத்துவிடலாமே என்று. வேண்டாம். அந்த மையில் டைட்டானியம் டை ஆக்ஸைடு இருக்கும். பின்னால் லேசர் அடித்தால் அது கறுப்பாக மாறிவிடும், நீக்குவது இரட்டிப்பு வேலை.

செலவு ஊருக்கு ஊர், எந்திரத்துக்கு எந்திரம் மாறும். இந்த அளவுக்குப் பெரியதென்றால் தனியாரிடம் ஓர் அமர்வே சில ஆயிரங்கள் ஆகும். ஆகவே முதலில் திருநெல்வேலியிலோ மதுரையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய் இதற்கான லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். அழகு நிலையத்து விளம்பரத்தை நம்பிப் போக வேண்டாம். இந்த முறை தேர்வு கைநழுவினாலும் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் அடுத்த அறிவிக்கைக்குக் கை தயாராக இருக்கும். நிராகரிக்கப்பட்டால் மறு மருத்துவப் பரிசோதனை கேட்கும் வழியும் உண்டு. அதில் கை இன்னும் முழுதாகத் தெளியாமல் இருந்தால் பயனில்லை.

இனி மகள்.

அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இதற்கு ஆட்சேபம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. விமானப் பணிப்பெண் வேலைக்குப் போகிறார் என்றால் சொல்லியிருப்பேன், சீருடைக்கு வெளியே தெரியும் பச்சையைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அவருக்கு அந்தக் கவலை இல்லை. முதுகில் ஊசி போடும் விஷயம் இடுப்புக்குப் பின்னால், ஊசி இறங்கும் இடத்திலேயே பச்சை இருப்பவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் மை படாத சிறு இடம் பார்த்து மயக்க மருத்துவர் போட்டுவிடுவார். காதுக்குப் பின்னால் இருக்கும் பறவைக்கும் பிரசவ ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. எக்ஸ்ரே, சி.டி., கர்ப்பகால ஸ்கேன் எதற்கும் தடையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மட்டும் இரும்புத்துகள் கலந்த மை என்றால் அரிதாகச் சூடாக உணரலாம், முன்கூட்டியே பணியாளரிடம் சொன்னால் போதும்.

உடல்நலத்தில் நான் கேட்க விரும்புவது வேறு. எங்கே குத்திக்கொண்டார்? ஊசி அவர் கண் முன்னால் புது உறையிலிருந்து பிரிக்கப்பட்டதா? மையை ஒருவருக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்றினார்களா? சந்தேகம் என்றால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடட்டும். ஆறு மாதம் கடந்துவிட்டதால் முடிவு உறுதியாகத் தெரிந்துவிடும். மகனுக்கும் இதே பரிசோதனை. மூன்று நிறத்தில் அவ்வளவு பெரிதாகக் குத்திக்கொண்ட பையனைப் பற்றி இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். ரத்த தானம் செய்கிறவர்களாக இருந்தால், பச்சை குத்திய நாளிலிருந்து 12 மாதம் கொடுக்கக் கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டுதல்.

கழுத்தில் இருப்பதை எடுக்க முடியாதா என்றால், முடியும். சின்னது, கறுப்பு, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடம். மகனுடையதோடு ஒப்பிட்டால் இது சுலபம். அதனாலேயே அவசரமும் இல்லை. ஐந்து வருடம் கழித்து அவருக்கே வேண்டாம் என்று தோன்றினால் அப்போதும் எடுக்கலாம். காது குத்திய இடத்தில் தடித்த தழும்பு வந்திருந்தால் மட்டும் முன்பே சொல்ல வேண்டும், அத்தகைய தோலில் யோசித்துத்தான் கை வைப்போம். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 26 வயதுப் பெண்ணின் கழுத்தில் அவருடைய அம்மா சொல்லி நான் லேசர் அடிக்க மாட்டேன். அவர் வந்து, அவர் வாயால் சொல்லி, அவர் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோர் கைப்பிடித்து இழுத்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து அழுத பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மாமியாரின் 'அது வேறு' என்ற பேச்சை நீங்கள் கிண்டலாக எழுதியிருக்கிறீர்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. அவர் காலத்தில் பெண் தானாகத் தேர்ந்துகொள்வது இல்லை. குறவர் இனப் பெண்கள் தெருவில் குரல் கொடுத்து வருவார்கள், வீட்டுப் பெரியவர்கள் சிறுமியைப் பிடித்து உட்கார வைப்பார்கள், கையில் கோலமும் மோவாயில் புள்ளியும் விழும். செத்த பிறகும் கூட வரும் நகை இது ஒன்றுதான் என்று அழுகிற பிள்ளையைத் தேற்றுவார்கள். மை செய்யும் முறையை, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தம் தொகுதிகளில் எழுதி வைத்திருக்கிறார்: அகத்தி இலையும் மஞ்சளும் அரைத்துத் துணியில் பூசித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பது. வீட்டாரின் சம்மதத்தோடு, ஊரெல்லாம் செய்ததைச் செய்துகொண்டவர் அவர். பேத்தி யாரையும் கேட்காமல் செய்துகொண்டு வந்துவிட்டாள். பாட்டியின் கோபம் பறவைகள் மேல் இல்லை, கேட்கவில்லை என்பதன் மேல். உங்கள் கோபத்திலும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாட்டி தலைமுறைப் பெண்களுமே பிற்காலத்தில் தங்கள் பச்சைக்காகக் கூசியவர்கள்தான். பிள்ளைகள் படித்து நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போன பிறகு, மோவாய்ப் புள்ளியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டு மூத்த பெண்கள் என்னிடம் வருகிறார்கள். மகன் வீட்டு விசேஷத்தில் யாரோ 'பட்டிக்காடு' என்று சொல்லியிருப்பார்கள். அதே புள்ளியைப் பேத்தி வயதுப் பெண்கள் பணம் கொடுத்துக் குத்திக்கொள்கிறார்கள், அவர்களைப் பார்த்து 'மாடர்ன்' என்று முகம் சுளிக்கிறார்கள். ஒரே மை, ஒரே தோல். பார்க்கிறவர்கள் முதலில் ஆளைத்தான் எடைபோடுகிறார்கள், பிறகுதான் அடையாளத்தைக் குற்றமாக்குகிறார்கள். விராட் கோலியின் கையைப் பார்த்து ரவுடி என்று யாரும் சொல்வதில்லை. அதே கை சந்தையில் மூட்டை தூக்குகிற பையனுக்கு இருந்தால் வாகனச் சோதனையில் முதலில் நிறுத்தப்படுவது அவன்தான்.

இந்தச் சந்தேகப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், சென்னை மாகாணம் உட்பட, ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1849-ல்தான் அதை நிறுத்தினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் இன மக்கள் பலரையே பின்னாளில் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்த்தார்கள். குத்தியவர்களும் குற்றவாளிகள், குத்தப்பட்டவர்களும் குற்றவாளிகள் என்றால் பார்வை எப்படி நேராக இருக்கும்? நடுவில் அரசியல் வந்து கொஞ்சம் மரியாதை கொடுத்தது. எம்.ஜி.ஆர். 1970-களில் கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றபோது குத்திக்கொண்டவர்களை இன்றும் உங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பார்க்கலாம். அவர்களுடைய பெண்களுக்கு அதனால் வரன் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தென்மாவட்டங்களில் கையைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது: கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்திலும், பச்சையாகக் குத்தியிருக்கும் தலைவரின் முகத்திலும் சாதியைத் தேடுவது. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் நிறக்கயிறு, மோதிரம், நெற்றியில் இடும் அடையாளம் ஆகியவை கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. சாதித் தலைவரின் முகத்தைத் தோளில் குத்திக்கொண்டு, பிறகு வேலைக்காக வெளியூர் போகும்போது எடுக்க வரும் இளைஞர்கள் உண்டு. யார் சொல்லியும் பச்சையை எடுக்காதே என்று பேசுகிற நானே, அவர்களிடம் மட்டும் தயங்காமல் எடுத்துவிடு தம்பி என்று சொல்லிவிடுவேன். தோற்றம் அவரவர் விருப்பம் என்பது, அடுத்தவரைச் சீண்டும் அடையாளத்துக்கும் பொருந்துமா? என் வரையில் பொருந்தாது.

வரன் விஷயத்துக்கு வருகிறேன். நான் தோல் மருத்துவர், தரகர் இல்லை. ஆனாலும் என் அறையில் இந்தப் பேச்சு அடிக்கடி வருவதால் சொல்கிறேன். ஒதுங்கிக்கொண்டவர்களுக்காக வருந்த வேண்டாம். 'பெண் மாடர்ன்' என்பதற்கு அவர்களிடம் பச்சை ஒரு சாக்கு. அது இல்லாவிட்டால் சென்னையில் தனியாக வேலை பார்ப்பது, அதுவும் இல்லாவிட்டால் சம்பளம். நிச்சயத்துக்கு முன்னால் லேசர் அடித்து மறைத்தீர்கள் என்றால், ஒரு வருடம் கழித்து பழைய புகைப்படம் ஒன்று எங்கிருந்தோ முளைக்கும். அப்போது அவர் மறைத்தவராகிவிடுவார். எனவே அடுத்த முறை அந்தக் கொண்டை போட்ட புகைப்படத்தையே முதலில் அனுப்புங்கள். பிடிக்காதவர்கள் அங்கேயே விலகிக்கொள்வார்கள், உங்களுக்குப் பலகாரச் செலவு மிச்சம்.

மகளோடு பேசுவீர்கள் அல்லவா, அப்போது ஏன் குத்திக்கொண்டாய் என்று கேட்காமல், அந்தப் பறவைகள் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். அவர் ஏதாவது சொல்லலாம், அல்லது அழகாக இருந்தது, குத்திக்கொண்டேன் என்று மட்டும் சொல்லலாம். இரண்டாவது பதிலும் போதுமானதுதான்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள். பச்சை குத்தும் நிலையங்கள் சிலவற்றில் இப்போது மருத்துவமே செய்யத் துணிந்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கை இரண்டாகப் பிளக்கும் வேலையைச் செய்துவந்தவர்கள் கைதானார்கள். தோலுக்கு மேல் எதைப் பூசிக்கொண்டாலும் குத்திக்கொண்டாலும் நான் வாதாட மாட்டேன். கத்தி எடுக்கும் இடம் மருத்துவமனையாக இருக்க வேண்டும்.

மகனை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அறிவிக்கையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ரத்தப் பரிசோதனை முடிவோடு கையில் கொடுத்துவிடுங்கள். தழும்பு தடிக்கும் உடம்பா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மருத்துவர் கேட்பார். முதல் அமர்வுக்கு முன் ஒரு மாதமாவது அந்தக் கையில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். கறுத்துப்போன தோலில் லேசரைக் குறைத்துத்தான் வைக்க முடியும், அமர்வு கூடும். மகளை அழைத்து வர வேண்டாம். அவராக வந்தால் பார்க்கலாம்.